‘ஃபாரஸ்ட்காரங்க’ என்றால் யார்? வனத்துறையில் எதற்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

ராகி அறுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கொல்லையில் யானை இறங்கிவிட்டது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். யானை ராகி தின்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கதிரை மட்டும் கிள்ளாது. தும்பிக்கையால் ஒரு கொத்தைச் சுருட்டி வேரோடு பிடுங்கி, முன்னங்காலில் இரண்டு தட்டு தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் வாயில் போடும். அதனால் தின்றது கொஞ்சம், மிதித்தது நிறைய. கொல்லை முழுக்க வேர்மண் சின்னச் சின்னக் குவியலாகக் கிடந்தது.

ஊர் சனம் ஒரு இருபது பேர் அங்கே நின்று ஒரு பையனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். வேட்டைத் தடுப்புக் காவலர். முழங்கால் வரை கால்சட்டை நனைந்திருந்தது, கையில் ஒரு டார்ச், தோளில் பாதி தீர்ந்த பட்டாசுப் பை. ராத்திரி பதினோரு மணியிலிருந்து யானை பின்னாலேயே ஓடியவர். “நீங்கல்லாம் எதுக்குடா சம்பளம் வாங்கறீங்க?” என்று ஒருத்தர் கேட்டார். பையன் எதுவும் பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அந்தக் கோபம் நியாயமானது. ஒரு வருஷ உழைப்பு ஒரு ராத்திரியில் போனால் யாருக்குத்தான் வராது? ஆனால் அந்தப் பையனிடம் கேட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அகழி எங்கே வெட்டுவது, வேலி எப்போது போடுவது, யானையைப் பிடிப்பதா விரட்டுவதா, இழப்பீடு எத்தனை நாளில் தருவது, இதில் எதையும் முடிவு செய்கிற இடத்தில் அவர் இல்லை. முடிவு செய்கிறவர்கள் அந்தக் கொல்லைக்கு வருவதும் இல்லை, திட்டு வாங்குவதும் இல்லை. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் பக்கத்துத் தருமபுரியிலும் வனத்துறை மேல் இருக்கிற கோபம் வருஷா வருஷம் இப்படித்தான் கீழே இருக்கிறவர் தலையில் கொட்டி முடிந்துபோகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். துறையில் யார் யார் இருக்கிறார்கள், யார் எதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், எப்படிக் கேட்டால் பதில் வரும் என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்கிறவர்களுக்காக.

பதில் சொல்லும் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. பெரிய வார்த்தை மாதிரித் தெரிந்தாலும் நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமானதுதான். மாரியம்மன் பண்டிகை முடிந்து அடுத்த வாரம் கோயில் முன்னால் கணக்கு வாசிப்பார்கள். வீட்டுக்கு எவ்வளவு வரி, வசூல் எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். கையில் பணம் வைத்திருந்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து “பந்தலுக்கு ஏன் இவ்வளவு?” என்று கேட்கலாம், கணக்கு உதைத்தால் அடுத்த வருஷம் அவர் கையில் பணம் கொடுக்க மாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். முடிவு யாருடையது என்று தெரிய வேண்டும், அவர் வெளிப்படையாகக் காரணம் சொல்ல வேண்டும், தப்பென்றால் அவருக்கு ஏதாவது ஆக வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் கணக்கு வாசிப்பது வெறும் சடங்குதான்.

இப்போது வனத்துறைக்கு வருவோம். ‘ஃபாரஸ்ட்காரங்க’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் ஏழெட்டுப் படி இருக்கிறது. கடைசிப் படியில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், நிறையப் பேர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு மேலே வனக் காவலர், வனக் காப்பாளர், வனவர். அப்புறம் நாம் ரேஞ்சர் என்று சொல்கிற வனச்சரக அலுவலர். தளி, ஜவளகிரி, அஞ்செட்டி, ராயக்கோட்டை பக்கத்துக்காரர்களுக்கு அரசாங்கம் என்றாலே பாதி நேரம் இந்த ரேஞ்சர்தான். அவருக்கு மேலே உதவி வனப் பாதுகாவலர், அதற்கு மேல் கோட்டத்தின் தலைவரான மாவட்ட வன அலுவலர், அதாவது டி.எஃப்.ஓ. எங்கள் பக்கம் ஓசூர் ஒரு கோட்டம், தருமபுரி ஒன்று. கோட்டங்களுக்கு மேலே மண்டல அளவில் வனப் பாதுகாவலர். அதற்கப்புறம் சென்னைதான்.

சென்னையில் இரண்டு நாற்காலிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் குழம்பிவிடுகிறார்கள். ஒன்று துறைத் தலைவரான முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர். ஆள், பணம், இடமாற்றம் என்று மொத்தத் துறையும் அவர் பொறுப்பு. இன்னொன்று தலைமை வன உயிரினக் காப்பாளர். இது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உருவாக்கிய பதவி. யானை, சிறுத்தை, கரடி சம்பந்தப்பட்ட பெரிய முடிவுகளுக்குச் சட்டப்படி கையெழுத்துப் போடுகிறவர் இவர்தான். இவர்களுக்கு மேலே துறைச் செயலாளர், அவருக்கு மேலே அமைச்சர். முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட மாநில வன உயிரின வாரியம் என்று ஒன்றும் இருக்கிறது, அது வருஷத்துக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு ஒற்றை யானை ஆளைக் கொன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊர் சனம் சாலையில் உட்கார்ந்து “யானையைப் பிடிச்சுட்டுப் போங்க” என்று ரேஞ்சரைக் கேட்கும். ரேஞ்சரால் முடியாது, டி.எஃப்.ஓ.வாலும் முடியாது. யானை, வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புத் தருகிற பட்டியலில், இருக்கிற விலங்கு. அதைப் பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ அனுமதி தரும் அதிகாரம் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் ஒருவருக்குத்தான் உண்டு. அதுவும் மனித உயிருக்கு ஆபத்து என்று அவர் நம்ப வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஆக, சாலையில் நின்று ரேஞ்சரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. “இந்த யானையைப் பற்றி நீங்கள் மேலே அறிக்கை அனுப்பினீர்களா? எந்தத் தேதியில்? அதற்கு என்ன பதில் வந்தது?” இந்த மூன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தாக வேண்டும். அறிக்கையே போகவில்லை என்றால் அது அவர் பொறுப்பு, போய் ஒரு மாதம் பதில் இல்லை என்றால் அது சென்னையின் பொறுப்பு. கோபத்தை எந்த மேசைக்கு அனுப்புவது என்பது இந்தத் தேதிகளைப் பார்த்தால்தான் தெரியும்.

காட்டுப்பன்றிக்கு விதி வேறு. 2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். நிலக்கடலை போட்டவர் பன்றிக்காக மனு எழுதும்போது தன் நிலம் காப்புக் காட்டு எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், ‘ஆய்வு செய்யப்படும்’ என்ற பதிலோடு அதைத் திருப்பி அனுப்புவது கஷ்டம்.

சரி, இவ்வளவு படி இருந்தும் ஏன் யாரும் மாட்டுவதில்லை? காரணம் பல. டி.எஃப்.ஓ. பெரும்பாலும் இந்திய வனப் பணி அதிகாரி. 1966-ல் தொடங்கிய அகில இந்தியப் பணி அது. அவர்களை நியமிப்பது மத்திய அரசு, வேலை வாங்குவது மாநில அரசு. மாநில அரசு தற்காலிகமாக நீக்கி வைக்கலாம், இடம் மாற்றலாம், ஆனால் பணியிலிருந்தே நீக்குவதென்றால் மத்திய அரசுதான் செய்ய முடியும். இப்படி இரண்டு எஜமானர் இருப்பதால் உயர் அதிகாரி மீது புகார் வந்தால் பெரும்பாலும் இடமாற்றத்தோடு முடிந்துவிடுகிறது. இடமாற்றம் தண்டனையும் அல்ல, பதிலும் அல்ல. புதிதாக வருகிறவர் “நான் இப்பத்தான் சார்ஜ் எடுத்தேன், பார்க்கிறேன்” என்பார், பார்த்து முடிப்பதற்குள் அவரும் போய்விடுவார்.

அப்புறம், நல்லெண்ணத்தில் செய்த செயலுக்காக அதிகாரிகள் மேல் வழக்குப் போட முடியாதபடி சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. அது தேவையானதுதான், இல்லாவிட்டால் எந்த அதிகாரியும் துணிந்து முடிவெடுக்க மாட்டார். ஆனால் எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருந்ததற்கும் அதையே கவசமாக வைத்துக்கொள்வதை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம், ஒரே பிரச்சினை நாலு துறைக்குள் கிடப்பது. 2023 மார்ச்சை எங்கள் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். மாரண்டஅள்ளி பக்கம் காளிகவுண்டன் கொட்டாயில் பயிரைக் காக்கச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சியிருந்த வேலியில் மாட்டி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்துச் செத்த யானைகளைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சியை நாடே பார்த்தது. அதே மாதம் கம்பைநல்லூர் பக்கம், ஊருக்குள் வந்த ஒரு ஆண் யானை ஏரிக்கரை மேட்டில் ஏறியபோது மேலே போன மின்கம்பியில் பட்டு அந்த இடத்திலேயே விழுந்தது. முதல் சம்பவத்தில் விவசாயி கைதானார். அவர் செய்தது குற்றம்தான், அதில் சந்தேகம் இல்லை. நேரடி மின்சாரத்தை வேலியில் விடுவது யானையை மட்டுமா கொல்லும், ராத்திரி மடை திறக்கப் போகிற பக்கத்துக் கொல்லைக்காரனையும்தான் கொல்லும். ஆனால் ஒருவர் கைதானதோடு கேள்வி முடிந்துவிடுமா? திருட்டு மின்சாரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது மின்வாரியம், காட்டோரம் எந்தக் கொல்லையில் என்ன வேலி இருக்கிறது என்று ரோந்து பார்க்க வேண்டியது வனத்துறை. ஏரிக்கரை மேல் கம்பி என்ன உயரத்தில் போகிறது என்பதற்கும் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். இரண்டு துறைகள் நடுவே விழுகிற கேள்வி தரையில் கிடக்கும், யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அதே 2023-ல் மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. காட்டோரம் சோலார் மின்வேலி போட வேண்டுமென்றால் இப்போது மாவட்ட வன அலுவலரிடம் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். இது நல்ல மாற்றம், ஏனென்றால் ஒரு பெயரும் ஒரு பதிவேடும் கிடைத்துவிட்டது. இனிமேல் ஒரு சம்பவம் நடந்தால் “இந்தச் சரகத்தில் எத்தனை வேலி பதிவாகியிருக்கிறது, கடைசியாக எப்போது ஆய்வு செய்தீர்கள்?” என்று கேட்க ஒரு பிடி இருக்கிறது.

2025-ல் பென்னாகரம் பக்கம் ஏமனூர் காட்டில் ஒரு யானையைக் கொன்று தந்தத்தை வெட்டியெடுத்த வழக்கும் இப்படித்தான். அதில் பிடிபட்டவர் கைவிலங்கோடு தப்பி ஓடிவிட்டார் என்று வனத்துறை சொன்னது, சில வாரத்தில் அவர் காட்டுக்குள் சடலமாகக் கிடந்தார். யானையைக் கொன்றது யார் என்ற கேள்வி ஒரு பக்கம், காவலில் இருந்த மனிதர் எப்படிச் செத்தார் என்ற கேள்வி இன்னொரு பக்கம். இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவரை யானைக்கு எதிரி என்று முத்திரை குத்துவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காட்டைக் காக்கும் அதிகாரம் கையில் இருக்கிறவர் அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்றும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் கேள்வி எங்கள் மண்ணில் ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்பதற்கு வாச்சாத்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. சித்தேரி மலையடிவாரத்தில், அரூர் பக்கம் இருக்கிற பழங்குடிக் கிராமம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஆடு மாடு, வீடு, தானியம் எல்லாவற்றையும் அழித்தார்கள், ஆட்களை அடித்தார்கள், 18 பெண்களை பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அரசாங்கம் முதலில் ஒன்றுமே நடக்கவில்லை என்றது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடி, நீதிமன்றம் போய், விசாரணை சி.பி.ஐ.க்கு மாறி, 269 பேர் குற்றம்சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதில் 126 பேர் வனத்துறையினர்.

தண்டிக்கப்பட்டவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தனை மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. அதோடு நிற்காமல், அன்றைக்கு மாவட்ட ஆட்சியராகவும் காவல் கண்காணிப்பாளராகவும் மாவட்ட வன அலுவலராகவும் இருந்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஊருக்குள் புகுந்தவர்களைத் தாண்டி, தெரிந்தும் நடவடிக்கை எடுக்காமல் மேலே உட்கார்ந்திருந்தவர்களையும் நீதிமன்றம் பார்த்தது. அந்த நாற்காலிகள் வரைக்கும் கேள்வி போய்ச் சேர 31 வருஷம் ஆகியிருக்கிறது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண்ணும் அந்தப் பதினெட்டுப் பேரில் இருந்தாள். எங்கள் மலைப்பக்கத்துக் கிழவிகள் காக்கிச் சட்டையைப் பார்த்தால் இன்றைக்கும் ஏன் வீட்டுக்குள் போகிறார்கள் என்று புதிதாக வேலைக்கு வருகிற அதிகாரிகள் ஆச்சரியப்பட்டால், அவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டிய பாடம் இந்தத் தீர்ப்புதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து வருஷா வருஷம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி வழியாக இறங்கும். தேன்கனிக்கோட்டை, சானமாவு, ராயக்கோட்டை என்று பிரிந்து பிரிந்து போகும். அது பழைய வழி, நாம் ராகி போடுவதற்கு முன்னாலிருந்தே இருந்திருக்கும். கர்நாடகத்துக்கும் இங்கேயும் போய்வருகிற கூட்டத்தை இந்தப் பக்கத்து ஆட்களால் மட்டும் சமாளிக்க முடியாது. காவேரி வடக்கு சரணாலயம் 2014-ல் வந்தது, 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் காவேரி தெற்கு சரணாலயம் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். காட்டுக்கு இது நல்லது, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் வரைபடத்தில் சரணாலயம் விரியும்போது ரோந்து போகிற ஆளும், வண்டியும், டீசலும், அந்தப் பையன் பையில் இருக்கிற பட்டாசும் அதற்குத் தக்கபடி கூடியதா என்று தலைமையிடம்தான் கேட்க வேண்டும். மேலே இருக்கிறவர் நமக்கு மட்டும் பதில் சொன்னால் போதாது, ராத்திரி நனைந்த காலோடு நிற்கிற தன் காவலருக்கும் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஏதாவது ஆனால் வீட்டைப் பார்ப்பது யார்?

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். நான் ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன், இதில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் கொல்லையில் வாழையை யானை சாய்த்துவிட்டது. மூன்று முறை மனு கொடுத்திருக்கிறார். மூன்றின் நகலையும் ரேஷன் கார்டோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அலுவலக முத்திரை இல்லை. “குடுத்தேனே தம்பி, மேசை மேல வெச்சுட்டுப் போன்னாரு, வெச்சுட்டு வந்தேன்” என்றார். மேசை மேல் வைத்த மனு மனு இல்லை. பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கினால்தான் அது பிறக்கிறது. நாலாவது மனுவை நானே கூடப் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். கூடவே நிலத்துக்கும் பயிருக்கும் ஆவணமான சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, சாய்ந்த வாழையோடு தேதி தெரிகிற புகைப்படம். வாழையை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு முன்னால் படம் எடுத்துவிட வேண்டும், நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005-ல் வந்த சட்டம், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதற்கப்புறம் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆனால் கேட்கிற விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. “எங்களுக்கு ஏன் இழப்பீடு தரவில்லை?” என்று எழுதினால் ‘இது தகவல் என்ற வரையறையில் வராது’ என்று ஒரே வரியில் திரும்பிவிடும். கோப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்க முடியும். அதனால் இப்படிக் கேளுங்கள்: “இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை உங்கள் சரகத்தில் பயிர்ச் சேதத்துக்காக வந்த மனுக்களின் பதிவேட்டு நகல். ஒவ்வொரு மனுவும் மாவட்ட வன அலுவலருக்கு அனுப்பப்பட்ட தேதி. பணம் வழங்கப்பட்ட தேதி.” இந்த மூன்று தேதியும் ஒரே தாளில் வந்துவிட்டால் எந்த மேசையில் எத்தனை மாதம் கிடந்தது என்று நாமே படித்துவிடலாம். பெரியம்மாவுக்காக அப்படித்தான் கேட்டோம். பதில் வந்தது. முதல் மூன்று மனுவும் பதிவேட்டிலேயே ஏறவில்லை.

சாலை மறியலைப் பற்றி ஒரு வார்த்தை. யானை அடித்து ஆள் செத்தால் சாலையில் உட்காருவதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன், வேறு வழியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால்தான் சனம் உட்காருகிறது. ஆனால் அங்கே அதிகாரிகள் தருகிற வாக்குறுதியெல்லாம் வாய்மொழி. உடனடி நிவாரணம் என்று முதலில் ஒரு தொகை கைக்கு வரும், கூட்டம் கலையும், அகழியும் வேலியும் காற்றில் போய்விடும். எழுந்திருப்பதற்கு முன்னால் வட்டாட்சியரிடம் பேச்சுவார்த்தையை எழுத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். என்ன செய்வோம், எப்போது, யார் பொறுப்பு என்று மூன்று வரி போதும். ஆறு மாதம் கழித்து அந்தத் தாள்தான் பேசும்.

மேல்மட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சட்டமன்றத்தில் வருஷா வருஷம் வனத்துறை மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும்போது, வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள், தமிழிலேயே கிடைக்கும். இந்த வருஷம் என்ன செய்வோம் என்று அவர்களே எழுதிக் கொடுத்த கணக்கு அது. போன வருஷத்துக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எது நடந்தது, எது அப்படியே கிடக்கிறது என்று புரியும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேள்வியாக எழுதிக் கொடுக்கலாம். மத்தியத் தணிக்கைத் துறையும் இந்தத் துறையின் செலவைப் பார்த்து அறிக்கை வைக்கிறது. அதையெல்லாம் தாண்டினால் நீதிமன்றம். வன உயிரினச் சட்டத்தை மீறிய குற்றத்துக்கு, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சாதாரண ஆளே நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்று 55-ஆவது பிரிவு சொல்கிறது, இது நிறையப் பேருக்குத் தெரியாது.

மாதா மாதம் ஆட்சியர் தலைமையில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே சும்மா எழுந்து ‘யானைத் தொல்லை தாங்கல’ என்றால் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பதில் வரும், குறிப்பில் ஏறும், முடிந்தது. மனு எண்ணும் தேதியும் சொல்லிக் கேட்டால் அந்த இடத்திலேயே ஒருவர் கோப்பைத் திறந்தாக வேண்டும்.

பெரியம்மாவைப் போன மாதம் அப்படி ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மைக்கைக் கையில் கொடுத்ததும் முதலில் தடுமாறினார். அப்புறம் பிளாஸ்டிக் கவரைத் திறந்து தாளை வெளியே எடுத்து நம்பரைப் படித்தார். “முத்திரை போட்டுக் குடுத்தீங்க, தேதி இதுலயே இருக்குது. இது இப்ப யாரு மேசையில இருக்குதுங்க?” என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, மேல் அலுவலகத்தில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது, அடுத்த கூட்டத்துக்குள் முடித்துவிடுகிறோம் என்றார். “அடுத்த கூட்டம் எந்தத் தேதிங்க?” என்று பெரியம்மா திருப்பிக் கேட்டார். அவர் தேதியைச் சொன்னார், நான் மனுவின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டேன்.